டெக்சாஸில் மான் வேட்டை உரிமம்: நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

அக்டோபர் பிறந்ததும் என் போனுக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் ஆஸ்டின், டாலஸ், ஹூஸ்டன் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வந்த நம் ஆட்கள். கூட வேலை பார்ப்பவர் யாராவது "இந்த வாரம் வேட்டைக்கு வர்றியா?" என்று கூப்பிட்டிருப்பார். போக ஆசை இருக்கும், ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நல்லதுதான். இங்கே உரிமம் விஷயத்தில் சறுக்கினால் அபராதத்தோடு முடியும் என்று நம்ப முடியாது. விசாவில் இருப்பவர்களுக்கு அது விசாவையே தொட்டுவிடும்.

கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எல்லாமே டெக்சாஸ் விதிகள். கட்டணங்கள் 2024–25 பருவத்தில் இருந்தவை, வாங்கும் முன் டெக்சாஸ் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் வக்கீல் இல்லை. பல வருஷமாக லானோ பக்கம் வேட்டைக்குப் போய்வருகிறவன், அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல மானைச் சுட்டா ஜெயிலு. இங்க மட்டும் எப்படிச் சரியாகும்?

இந்தியாவில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மானைக் காக்கிறது. அங்கே அது தேவை. இங்கே கதை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுப்பாடில்லாத வேட்டையால் டெக்சாஸில் வெண்வால் மான் அழியும் நிலைக்குப் போனது. அதன்பிறகு பருவம், எண்ணிக்கை, உரிமம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்து மீட்டெடுத்தார்கள். இன்று இந்த மாநிலத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் வெண்வால் மான்கள் இருக்கின்றன. ஓநாய் போன்ற பெரிய எதிரிகள் இல்லாததால், வேட்டையும் நின்றுவிட்டால் மேய்ச்சல் தீர்ந்து அவையே பட்டினியில் சாகும்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் உரிமத்துக்குக் கட்டும் பணம் வனவிலங்குப் பராமரிப்புக்குப் போகிறது. துப்பாக்கி, தோட்டா மீதான ஒன்றிய அரசின் வரியும் 1937 முதல் இதே வேலைக்கு மாநிலங்களுக்குத் திரும்பி வருகிறது. ஆகவே உரிமம் எடுக்காமல் வேட்டையாடுகிறவர் அந்த மானுக்கே கடன்காரர் என்பது என் எண்ணம்.

எந்த லைசென்ஸ் வாங்கணும்? லிஸ்ட்டைப் பாத்தாலே தலை சுத்துது.

நீங்கள் டெக்சாஸ்வாசி என்றால் 25 டாலர் சாதாரண வேட்டை உரிமம் போதும். 65 வயது தாண்டிய டெக்சாஸ்வாசிக்கு 7 டாலர். 17 வயதுக்குக் கீழே இருந்தால் உள்ளூரோ வெளியூரோ, 7 டாலர்தான். வெளிமாநிலத்துக்காரர், வெளிநாட்டுக்காரர் மானுக்குப் போக 315 டாலர் உரிமம் எடுக்க வேண்டும்.

மீன்பிடிப்பும் உண்டு, வில்வேட்டையும் உண்டு என்றால் 68 டாலர் சூப்பர் காம்போ என்ற கூட்டு உரிமம் லாபம். வில் பருவத்தில் மானுக்குப் போகத் தேவையான 7 டாலர் ஒப்புதல் அதற்குள்ளேயே வந்துவிடும். வருஷத்துக்கு ஒருநாள் நண்பரோடு போகிறவருக்கு இது தேவையில்லை. கடைக்காரர் சொன்னார் என்பதற்காக வாங்காதீர்கள்.

ஆகஸ்ட் 15 வாக்கில் புதிய வருஷத்துக்கான விற்பனை தொடங்கும். உரிமம் செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை செல்லும். மே மாதம் வாங்கினாலும் அந்த ஆகஸ்டோடு முடிந்தது. இந்த ஆகஸ்ட் 31-ஐ மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் திரும்ப வரும்.

மச்சான் நியூஜெர்சியிலேருந்து வர்றான். அஞ்சு நாள் லைசென்ஸ் 48 டாலர்னு போட்டிருக்கே, அது போதாதா?

போதாது. அந்த ஐந்து நாள் உரிமத்திலும், 132 டாலர் வெளிமாநிலச் சிறப்பு உரிமத்திலும் வெண்வால் மானைத் தொட முடியாது. காட்டுப்பன்றி, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட விலங்குகள் போன்றவற்றுக்குத்தான் அவை. மச்சானுக்கு வெண்வால் மான்தான் வேண்டும் என்றால் 315 டாலர். இல்லை, புள்ளிமான் போதும் என்றால் 48 டாலரிலேயே முடியும். ஏன் என்று புள்ளிமான் கேள்வியில் சொல்கிறேன்.

நான் இங்க வந்து நாலு மாசம் ஆச்சு. வாடகை வீடு, டெக்சாஸ் லைசென்ஸ் பிளேட் எல்லாம் இருக்கு. நான் டெக்சாஸ்வாசிதானே?

வேட்டை உரிமத்தைப் பொறுத்தவரை இல்லை. விண்ணப்பிப்பதற்கு முன் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ச்சியாக டெக்சாஸில் வாழ்ந்திருக்க வேண்டும். குடியுரிமை இதில் கணக்கில் வராது. எச்-1பி வேலை விசா, மாணவர் விசா என்று எதில் இருந்தாலும் ஆறு மாதம் தாண்டினால் உள்ளூர்க் கட்டணம்தான். ஓட்டுநர் உரிமம், வீட்டு பில்கள், வரித் தாக்கல், வண்டிப் பதிவு இப்படி ஆதாரங்களைக் கையில் வைத்திருங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கேட்பார்கள்.

இரண்டு மாதம் பொறுத்தால் 290 டாலர் மிச்சம். அதற்காக நாள் கணக்கை மாற்றிச் சொல்லி வாங்காதீர்கள். பொய் சொல்லி உள்ளூர் உரிமம் எடுப்பது தனிக் குற்றம்.

ஹண்டர் எஜுகேஷன் கட்டாயமா? எனக்கு நாப்பது வயசு.

கட்டாயம். வேட்டைக்குப் போகிறவர்களுக்கான இந்தப் பாதுகாப்புப் படிப்பு, 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் பொருந்தும். உரிமம் வாங்கும்போது பல நேரம் யாரும் கேட்கமாட்டார்கள். காட்டில் வன அதிகாரி கேட்பார். 17 வயது தாண்டியவர்கள் முழுக்க ஆன்லைனிலேயே முடிக்கலாம். ஒன்பது வயதிலிருந்து சான்றிதழ் எடுக்க முடியும். ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும், மற்ற மாநிலங்களும் ஏற்கும்.

முடிந்தால் நேரில் நடக்கும் வகுப்புக்குப் போங்கள், கட்டணம் 15 டாலர்தான். நான் போன வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள். வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியை எப்படிக் காலிசெய்து முதலில் கீழே வைப்பது, மானின் உடலில் நுரையீரல் எந்த உயரத்தில் இருக்கிறது என்றெல்லாம் அந்தப் பிள்ளைகள் கடகடவென்று சொன்னார்கள். துப்பாக்கியையே பார்க்காமல் வளர்ந்த நமக்கு அந்த ஒருநாள் பாடம் மிகவும் தேவை.

இந்த வாரமே போகணும், கோர்ஸுக்கு நேரமில்ல. வழி ஏதாவது?

17 வயது முடிந்திருந்தால் 10 டாலர் கட்டி அந்த உரிம வருஷத்துக்கு மட்டும் படிப்பைத் தள்ளிப்போடலாம். ஆயுளில் ஒரே ஒரு முறைதான். அப்படிப் போகும்போது உரிமம் வைத்திருக்கும், 17 வயது தாண்டிய, சான்றிதழ் பெற்ற அல்லது 1971 விதியில் விலக்குள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கூட என்றால் சாதாரணமாகப் பேசினால் காதில் விழும் தூரம். அவர் ஒரு மறைவிடத்திலும் நீங்கள் அரை மைல் தள்ளி இன்னொன்றிலும் உட்கார்ந்தால் அது கூட இருந்ததாக ஆகாது.

நான் எச்-1பி. துப்பாக்கியைத் தொடலாமா கூடாதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்க ஒன்றியச் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, சுற்றிப்பார்க்க வருகிறவர்களின் பி-2 எல்லாம் இதில் அடக்கம். வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. நண்பருடையதைக் கையில் வாங்கிப் பிடித்தாலும் வைத்திருப்பதுதான். இதற்குச் சில விலக்குகள் உண்டு. நமக்குப் பயன்படுவது ஒன்று: அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. மீன்பிடி உரிமம் கணக்கில் வராது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடையே கிடையாது.

கடையில் வாங்கப் போனால் 4473 என்ற படிவத்தில் விசா பற்றிக் கேள்வி இருக்கும். உண்மையை எழுதி, விலக்குக்கு ஆதாரமாக வேட்டை உரிமத்தைக் காட்ட வேண்டும். விசா நிலையே முடிந்துபோய்த் தங்கியிருப்பவர்களுக்கு இந்த விலக்கு உதவாது. மீறினால் 15 வருஷம் வரை சிறை, கூடவே நாடு கடத்தலுக்கும் வழி திறக்கும். வேலை போய் இடைவெளியில் இருக்கிறீர்கள், கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நிற்கிறது என்றால் என்னைக் கேட்காதீர்கள், குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள். அரை மணி நேரக் கட்டணம் எவ்வளவு ஆனாலும் தகும்.

போன வருஷம் லைசென்ஸ் எடுத்து ரைஃபிள் வாங்கினேன். இந்த வருஷம் வேட்டைக்குப் போகல. ரைஃபிள் வீட்ல பூட்டிதான் இருக்கு, பிரச்சினை இல்லையே?

ஆகஸ்ட் 31-ஐ நினைவில் வையுங்கள் என்று சொன்னது இதற்குத்தான். உங்களைக் காப்பது காலாவதியாகாத உரிமம். செப்டம்பர் 1 காலையில் புது உரிமம் இல்லை என்றால் அலமாரியில் பூட்டியிருக்கும் அதே ரைஃபிள் குற்றப் பொருளாகிவிடுகிறது. வேட்டைக்குப் போனாலும் போகாவிட்டாலும், துப்பாக்கி கையில் இருக்கும்வரை ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதுப்பித்துவிடுங்கள். வருஷத்துக்கு 25 டாலர். நான் விசாவில் இருந்த காலத்தில் விற்பனை தொடங்கும் வாரத்திலேயே வாங்கிவிடுவேன்.

ஆபீஸ் டீம் அவுட்டிங்ல ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போறாங்க. வாடகைத் துப்பாக்கிதான். அதுக்குமா லைசென்ஸ்?

விசாவில் இருந்தால் ஆமாம். மேலே சொன்னபடி கையில் பிடிப்பதே வைத்திருப்பதுதான், பத்து நிமிஷம் என்றாலும். ரேஞ்சுக்காரர் கேட்கவில்லை என்பது விலக்கு ஆகாது.

காட்டுப்பன்றிக்கு லைசென்ஸே வேணாம்னு சட்டம் வந்துடுச்சாமே?

வந்தது உண்மை. 2019 செப்டம்பர் முதல் தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் சம்மதத்தோடு காட்டுப்பன்றியை வேட்டையாட மாநில உரிமம் தேவையில்லை. ஆனால் அது மாநிலச் சட்டம். விசாக்காரருக்குத் துப்பாக்கியைத் தடுப்பது ஒன்றியச் சட்டம். இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாதது போலத்தான் நிற்கின்றன. கிரீன் கார்டுகாரர் உரிமம் இல்லாமல் பன்றி வேட்டைக்குப் போகலாம். அவர் பக்கத்தில் அதே வேலையைச் செய்யும் எச்-1பி நண்பர் குற்றவாளி ஆகிறார். "பன்றிக்குத்தானே" என்று கூப்பிடுகிறவர்களுக்கு இது தெரியாது, அவர்கள் மேல் தப்பில்லை. நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அப்ப வில்லு அம்பு வச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம். வில் துப்பாக்கி இல்லை, ஒன்றியத் தடை அதற்குப் பொருந்தாது. ஆனால் மானுக்கு வேட்டை உரிமம் எப்படியும் வேண்டும், வில் பருவத்தில் போனால் மேலே சொன்ன 7 டாலர் ஒப்புதலும் வேண்டும். பழகாமல் போகாதீர்கள். சரியாகப் படாத அம்போடு ஓடும் மானைத் தேடி இருட்டில் அலைந்த ஒரு நண்பரோடு நானும் அலைந்திருக்கிறேன். மூன்று மாதம் தினமும் குறிபார்த்துப் பழகியபின் போவதே மானுக்குச் செய்யும் நியாயம்.

சீசன் எப்போ?

வில் பருவம் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் முதல் வாரத்தில் தொடங்கி ஐந்து வாரம் போகும். துப்பாக்கிக்கான பொதுப் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். வட மண்டலத்தில் ஜனவரி முதல் ஞாயிறு வரை, தென் மண்டலத்தில் ஜனவரி மூன்றாம் ஞாயிறு வரை. பொதுப் பருவத்துக்கு முன்னும் பின்னும் சிறுவர்களுக்கென்று தனி நாட்கள் உண்டு.

நேரம்: சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து, மறைவுக்கு அரை மணி பின்பு வரை. ராத்திரியில் விளக்கடித்து மான் சுடுவது குற்றம்.

நிலம் இல்லாதவன் எங்க போறது? ரோட்டோரம் அவ்வளவு மான் நிக்குதே!

ரோட்டோர மானைப் பார்த்து ரசியுங்கள். பொதுச் சாலையிலிருந்து சுடுவது சட்டவிரோதம். டெக்சாஸில் ஏறக்குறைய நிலம் முழுவதுமே தனியார் கையில். நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் உள்ளே போய் மானைச் சுட்டால் சிறை வரை போகும். உங்கள் தோட்டா பக்கத்து நிலத்தின் எல்லையைத் தாண்டினாலும் குற்றம். பெரும்பாலோர் பருவத்துக்கோ நாளுக்கோ வாடகை கொடுத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள்.

அந்தச் செலவு வேண்டாம் என்றால் 48 டாலர் பொது வேட்டை அனுமதி இருக்கிறது. அது வேட்டை உரிமத்துக்கு மேல் தனியாக எடுப்பது. சாம் ஹூஸ்டன் தேசிய வனம் போன்ற இடங்களுக்குப் போகலாம். மாநிலப் பூங்காக்களில் குலுக்கல் முறையிலும் இடம் தருவார்கள். பொது நிலத்தில் கூசும் ஆரஞ்சு நிறத்தில் தொப்பியும் மேல்சட்டையும் கட்டாயம். தனியார் நிலத்தில் சட்டம் கேட்காது, நான் அங்கேயும் போட்டுக்கொள்வேன். சோளம் இறைத்து மானை வரவழைப்பது தனியார் நிலத்தில் சரி, பொது நிலத்தில் பொதுவாகக் கூடாது.

லைசென்ஸோட டேக்னு ஒரு வால் மாதிரி வருதே, அது எதுக்கு?

அதுதான் உரிமத்தின் உயிர். உரிமத்தாளில் வெண்வால் மானுக்கு ஐந்து சீட்டுகள் இருக்கும். மான் விழுந்ததும், நகர்த்துவதற்கு முன், அதற்குரிய சீட்டைக் கிழித்து, மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுத்து, நிலத்தின் பெயரையும் கவுண்டியையும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) மையால் எழுதி மானோடு கட்ட வேண்டும். பேனாவால் தேதியைச் சுழித்தால் செல்லாது, வெட்டி எடுக்க வேண்டும். தாளின் பின்னால் இருக்கும் பதிவிலும் குறிக்க வேண்டும்.

என் முதல் மான் விழுந்த காலையில் குளிரில் விரல் மரத்துப்போய், கட்டைவிரல் அளவு சீட்டில் 'நவம்பர்' கட்டத்தைத் தேடி வெட்டுவதற்குள் பக்கத்துக் கட்டமும் சேர்ந்து வந்துவிட்டது. பேனா எழுதவில்லை. கூட வந்த பெரியவர் தன் சட்டைப்பைக்குள் சூடாக வைத்திருந்த பேனாவைக் கொடுத்தார். இப்போது சின்னப் பேனாக்கத்தி, இரண்டு பேனா, கட்ட ஒரு நூல், மூன்றையும் ஒரு ஜிப் பையில் போட்டுத்தான் கிளம்புகிறேன். போன் செயலி வழியாக டிஜிட்டல் உரிமமும் இப்போது உண்டு. அதில் தாள் சீட்டு வராது, மானை வீழ்த்திய உடனே செயலியில் பதிவு செய்ய வேண்டும். போன் சார்ஜ் இல்லாமல் காட்டுக்குப் போகிறவர்கள் தாளிலேயே வாங்குங்கள்.

என் டேக் தீந்துடுச்சு, நண்பன்கிட்ட மிச்சம் இருக்கு. அதைக் கட்டிக்கலாமா?

கூடாது. சுட்டவர் யாரோ அவர் சீட்டுதான். மனைவி சீட்டும் ஆகாது, பிள்ளை சீட்டும் ஆகாது. வன அதிகாரிகள் அதிகம் பிடிக்கும் தவறுகளில் இதுவும் ஒன்று.

அஞ்சு டேக் இருந்தா அஞ்சு மான் அடிக்கலாம்தானே?

மாநில அளவில் உச்சவரம்பு ஐந்து, அதில் ஆண் மூன்றுக்கு மேல் கூடாது. ஆனால் ஒவ்வொரு கவுண்டிக்கும் தனி வரம்பு உண்டு, அது பெரும்பாலும் குறைவு. பெண் மானுக்குப் பல கவுண்டிகளில் குறிப்பிட்ட சில நாட்கள்தான். எந்த நிலத்தில் நிற்கிறீர்களோ அந்தக் கவுண்டியின் பக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் வேறு கவுண்டி என்றால் விதியும் வேறு. டாலஸுக்கு வடக்கே கிரேசன் கவுண்டியில் மானுக்குத் துப்பாக்கியே கிடையாது, வில் மட்டும்தான்.

துப்பாக்கியிலும் ஒரு விதி: பாயிண்ட் டூ டூ போன்ற சின்ன ரிம்ஃபயர் தோட்டாவால் மானைச் சுடக் கூடாது. காயப்பட்டு ஓடி எங்கோ கிடந்து சாகும் என்பதால்.

கொம்பு 13 இன்ச் இருக்கணும்னாங்க. மான் நிக்கும்போது டேப் வச்சா அளக்க முடியும்?

நூற்றுக்கும் மேற்பட்ட கவுண்டிகளில் இந்த விதி இருக்கிறது. ஒரு ஆண் மானைச் சுட வேண்டுமானால் ஒன்று, ஒரு பக்கக் கொம்பாவது கிளை விடாமல் ஒற்றையாக இருக்க வேண்டும். அல்லது இரு கொம்புகளுக்கு நடுவே உள்பக்க அகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும். இளம் ஆண்கள் வளர்ந்து முதிரட்டும் என்பதற்காகக் கொண்டுவந்த விதி இது. அந்தக் கவுண்டிகளில் ஆண் மான் இரண்டு, அதில் 13 அங்குலத்துக்காரர் ஒன்றுதான்.

அளவுகோல் மானிடமே இருக்கிறது. சத்தம் கேட்டு நிமிர்ந்து உங்களை நேராகப் பார்க்கும்போது, விறைத்து நிற்கும் இரு காதுகளின் நுனிக்கு நுனி ஏறக்குறைய 13 அங்குலம். கொம்பு காதுக்கு வெளியே தெரிந்தால் சரி. உள்ளேயே நின்றால் விட்டுவிடுங்கள். காது மடங்கியிருக்கும்போதும் பக்கவாட்டில் நிற்கும்போதும் இந்தக் கணக்கு ஏமாற்றும். ஐந்து நிமிஷம் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் அன்றைக்கு அந்த மான் உங்களுக்கு இல்லை.

நிலத்துக்காரர் 'உன் டேக் வேணாம், நானே தர்றேன்'ங்கிறார். ஏமாத்துறாரா?

இல்லை. அவர் நிலம் அரசின் மான் மேலாண்மைத் திட்டத்தில் சேர்ந்திருக்கும். அந்த நிலத்துக்கென்று துறை தனிச் சீட்டுகள் கொடுக்கும், பருவமும் பிப்ரவரி கடைசி வரை நீளும். அங்கே நிலத்துச் சீட்டைத்தான் கட்ட வேண்டும், உங்கள் உரிமத்துச் சீட்டு செலவாகாது. ஆனால் உரிமம் உங்கள் பையில் இருந்தே ஆக வேண்டும். "டேக் வேணாம்" என்பதை "லைசென்ஸ் வேணாம்" என்று காதில் வாங்கியவர்கள் உண்டு.

இங்க புள்ளிமான் சுடலாம்னு சொல்றாங்க, நெசமா?

நிஜம்தான். கிண்டிப் பூங்காவில் பார்த்து வளர்ந்த அதே புள்ளிமான் 1930-களில் டெக்சாஸுக்குக் கொண்டுவரப்பட்டு, வேலி தாண்டிப் பெருகி இன்று மலைப்பாங்கான ஹில் கன்ட்ரி முழுக்கத் திரிகிறது. வெளிமானும் நீலகாயும் அப்படித்தான் வந்தன. இவை உள்ளூர் விலங்கு இல்லை என்பதால் பருவம் இல்லை, எண்ணிக்கை வரம்பு இல்லை, சீட்டும் இல்லை. வேட்டை உரிமமும் நிலத்துக்காரர் சம்மதமும் போதும். மச்சானின் 48 டாலர் இங்கே செல்லும்.

நான் இதுவரை புள்ளிமானைச் சுட்டதில்லை. சட்டம் தடுக்கவில்லை, கை வரவில்லை. ஆனால் அவை உள்ளூர் மானின் மேய்ச்சலைத் தின்றுவிடுகின்றன என்று நிலத்துக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

அப்பா பி-2ல வந்திருக்கார், வயசு 68. சீனியர் லைசென்ஸ் 7 டாலர்தானே? பையனுக்கும் எட்டு வயசு.

7 டாலர் முதியோர் உரிமம் டெக்சாஸ்வாசிக்கு மட்டும். அப்பா சுட வேண்டும் என்றால் 315 டாலர், விசா விதியும் அவருக்குப் பொருந்தும். துப்பாக்கியைத் தொடாமல் உங்களோடு உட்கார்ந்து பார்க்க அவருக்கு எந்த உரிமமும் வேண்டாம். என் அப்பா அப்படித்தான் வந்தார். விடியும்போது பனியில் நனைந்த புல்லுக்கு நடுவே ஒரு பெண் மான் இரண்டு குட்டிகளோடு வந்ததை ஊருக்குப் போயும் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பையனுக்கு 7 டாலர் உரிமம். ஒன்பது வயதுக்குக் கீழே சான்றிதழ் கிடையாது, படிப்பைத் தள்ளிப்போட்டவருக்குச் சொன்னது போலவே தகுதியுள்ள பெரியவர் கூடவே இருக்க வேண்டும்.

வன அதிகாரி வந்து வண்டியைத் திறன்னா திறக்கணுமா?

அவர்கள் மாநிலம் முழுக்க அதிகாரம் உள்ள காவல் அதிகாரிகள். வேட்டைச் சட்டத்துக்காகத் தனியார் நிலத்துக்குள்ளும் வாரண்ட் இல்லாமல் வரலாம். உரிமம், அடையாள அட்டை, ஹண்டர் எஜுகேஷன் சான்று, மான் இருந்தால் சீட்டு, இவற்றைக் காட்டுங்கள். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று முதலிலேயே வாயால் சொல்லிவிட்டு, கையை அவர் பார்க்கும்படி வையுங்கள். நான் சந்தித்தவர்கள் எல்லோருமே மரியாதையாகத்தான் பேசினார்கள்.

கறி நெறைய இருக்கு. சங்கத்து ஆளுங்களுக்கு விக்கலாமா?

காட்டு மான் கறியை விற்கக் கூடாது. பொங்கல் விழாவில் கோலா உருண்டையாகப் போட்டு விலை வைத்தாலும் விற்பனைதான். இனாமாகக் கொடுக்கலாம். சீட்டு இல்லாமல் கறியோ மானின் பாகமோ கைமாறும்போது, கொடுப்பவர் பெயர், உரிம எண், விலங்கு, தேதி எல்லாம் எழுதிய ஒரு தாளைக் கூடவே கொடுத்தனுப்ப வேண்டும். அதற்கான படிவம் துறையின் தளத்தில் இருக்கிறது. பசித்தவர்களுக்கு மான் கறி வழங்கும் திட்டமும் உண்டு, அதில் சேர்ந்த கறிக்கடையில் கொடுத்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சுட்ட மானை எடுக்காமல் விடுவதும் கெட்டுப்போக விடுவதும் குற்றம்.

நோய் பற்றியும் கேட்கிறார்கள். மான்களை மெலியவைத்துக் கொல்லும் ஒரு மூளை நோய் டெக்சாஸில் 2012-இல் முதலில் தென்பட்டது. நோய் உள்ள மானை உண்ண வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. துறையின் சோதனை மையத்தில் தலையைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மிச்ச உடலை எங்கே புதைப்பது என்பதற்கும் விதி இருக்கிறது.

கார்ல மான் மோதி செத்துடுச்சு. எடுத்துட்டு வரலாமா? டேக்தான் இருக்கே.

கூடாது. டெக்சாஸில் சாலையில் அடிபட்ட மானை எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. சீட்டு வேட்டையாடிய மானுக்குத்தான். ரோட்டை மறித்துக் கிடந்தால் போலீசுக்குச் சொல்லுங்கள், காப்பீட்டுக்குப் படம் எடுங்கள், கிளம்புங்கள்.

கொம்பை ஊருக்குக் கொண்டுபோய் வரவேற்பறையில மாட்டணும்னு ஆசை.

கொண்டு போகாதீர்கள். வனவிலங்குகளின் பாகங்களை இந்தியச் சுங்கம் அனுமதிக்காது. அதிலும் புள்ளிமான் கொம்பு என்றால், அது டெக்சாஸில் பிறந்ததா முதுமலையில் பிறந்ததா என்று விமான நிலையத்தில் நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கறி, தோல், பதப்படுத்திய தலை எதுவும் வேண்டாம். என் முதல் மானின் கொம்பு இங்கே கராஜ் சுவரில் இருக்கிறது. பக்கத்து கட்டமும் சேர்ந்து வெட்டுப்பட்ட அந்தச் சீட்டையும் அதிலேயே கட்டி வைத்திருக்கிறேன்.